நூறு புத்தகக் கணக்கு

கடைச் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டார் ராஜகுரு. ஆனால் காலையில் பல் துலக்கி, காபி குடித்து முடித்ததும் அவர் கால்கள் கடைப்பக்கமே நடந்தன.

பாளையம்பட்டி மெயின் ரோட்டில் அவர் உண்டாக்கிய பைப், மோட்டார் கடை அது. நெஞ்சு வலி வந்து, மதுரை ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது, இனி லோடு இறக்குகிற இடத்தில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மகன் அருண்பாண்டியன் பொறுப்பை எடுத்துக்கொண்டான். மருமகள் பிரவீணா கடையின் உள்ளறையில் உட்கார்ந்து பில் போட ஆரம்பித்தாள்.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஃபேனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மாமனாருக்கு, வாசிக்கலாமே என்று யோசனை சொன்னவளும் பிரவீணாதான். அருப்புக்கோட்டை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டாள். செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, வருஷத்துக்கு இத்தனை என்று ஓர் இலக்கு வைத்துக்கொண்டால் விட்டுப்போகாது மாமா என்றும் சொல்லி வைத்தாள்.

இலக்கு என்ற சொல் ராஜகுருவுக்குப் பழக்கமான சொல். மோட்டார் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் அவருக்கு அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தான். நூறு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வாசித்த விதத்தைப் பார்த்தால் லாரியில் இருந்து சரக்கு இறக்குவது போலத்தான் இருந்தது. நூலகத்தில் புத்தகத்தின் முதுகைப் பார்த்து ஒல்லியானதாக எடுப்பார். முதல் பக்கம் பிடித்துப்போனாலும் தடிமனாக இருந்தால் திரும்ப அடுக்கில் செருகிவிடுவார். ஊரையும் மழையையும் பற்றி எழுதியிருக்கும் பத்திகளை விட்டுவிட்டு, ஆட்கள் பேசுகிற இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போவார். மனைவி முத்துமாரியம்மாள் சாப்பிடக் கூப்பிட்டால், இன்னும் இவ்வளவு பக்கம் கிடக்கிறதே என்று அலுத்துக்கொள்வார். முடித்ததும் காலண்டரில் ஒரு கோடு.

ஒரு புத்தகத்தைப் பற்றியும் அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது பிரவீணாவுக்கு உறுத்தியது. ஆனாலும் கடைப்பக்கம் வருவது கொஞ்சமாவது குறைந்திருக்கிறதே என்று அவள் சும்மா இருந்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் கடைக்குள் நுழைந்தார் ராஜகுரு. பரளச்சியில் இருந்து வந்த ஒரு விவசாயியிடம் அருண் மோட்டார் விலை பேசிக்கொண்டிருந்தான். ராஜகுரு நடுவில் புகுந்து, அருண் சொன்னதைவிடக் குறைத்து ஒரு விலை சொன்னார். அருணுக்கு முகம் சுருங்கியது. வந்தவரோ சிரித்துக்கொண்டே, ஓய்வெல்லாம் எப்படிப் போகிறது என்று பெரியவரை விசாரித்தார். இந்த வருஷம் நூறு புத்தகம், வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று ராஜகுரு பெருமையாகச் சொன்னார்.

அருண் அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"நூறு நூறுங்குறீங்க. செவ்வாய்க்கிழமை ஒண்ணு முடிச்சீகளே, அதுல என்ன இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாப்போம்."

ராஜகுரு வாயைத் திறந்தார். ஒரு வீடு வந்தது. ஒரு டீச்சர் வந்தாள். அதற்கு மேல் எதுவுமே ஞாபகத்தில் இல்லை. பரளச்சிக்காரர் பைப்புகளை எண்ணுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"லைப்ரரிக்குப் போறேன்," என்றார் ராஜகுரு. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். உள்ளறைக் கதவருகில் நின்ற பிரவீணா, மாமா என்று கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வரவில்லை.

முத்துமாரியம்மாள் அவருடைய செல்போனுக்கு அழைத்தபோது அது கடை மேஜை டிராயருக்குள் அதிர்ந்தது. எடுத்துப் பேசிய அருண், அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டான். மதிய மாத்திரை டப்பாவிலேயே இருந்தது. அந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தது மூன்று பேருக்கும் தெரியும்.

பிரவீணா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு விரைந்தாள். நூலகத்தின் இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியென்றால் காலையிலும் இதே பூட்டுக்கு முன்னால்தான் அவர் வந்து நின்றிருப்பார். மகனிடம் அப்படி ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வந்தவருக்கு, போய் உட்கார ஓர் இடமும் இல்லாமல் போயிருக்கிறது. இலக்கு என்று தான் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பஸ் ஸ்டாண்டில் விசாரித்தாள். டீக்கடைக்காரருக்கு ராஜகுருவைத் தெரியும். காலையில் பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார், அப்புறம் ஒரு பஸ்ஸில் ஏறினார், எந்த பஸ் என்று கவனிக்கவில்லை என்றார் அவர்.

அருண் அதற்குள் அரசு ஆஸ்பத்திரியில் தேடிவிட்டான். பழைய நண்பர்களின் கடைகளில் கேட்டுவிட்டான். அவனிடமிருந்து பிரவீணாவுக்கு அழைப்பு வந்தபோது, பின்னால் காற்று இரைவது கேட்டது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

"கம்மாய்க் கரைல," என்றான். பிறகு சொன்னான்: "தண்ணியே இல்ல பிரவீணா. பூராம் வெடிச்சுக் கெடக்கு."

அவன் ஏன் அங்கே போனான் என்று அவள் கேட்கவில்லை. அவன் குரலில் இருந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது. அந்தப் பக்கத்தில் மழையில்லாத வருஷத்தைச் சபிக்காத ஆள் கிடையாது. அன்றைக்கு ஒருவன் காய்ந்த கண்மாயைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான்.

வீட்டில் முத்துமாரியம்மாள் அழவில்லை. மாத்திரையை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தண்ணீர் பாட்டிலோடு வாசல் பக்கத்து மேஜையில் எடுத்து வைத்திருந்தார். மகனும் மருமகளும் வெறுங்கையோடு திரும்பி வந்ததைப் பார்த்ததும் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்.

"அவுக கோவிச்சுக்கிட்டு ஓடுற ஆளு இல்ல. லைப்ரரின்னு சொல்லிட்டுத்தான போனாக. புத்தகம் கையில இருக்கு. எங்கயாவது ஒக்காந்துதான் இருப்பாக."

சொல்லும்போது அவர் விரல்கள் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடின.

போலீஸில் சொல்லிவிடலாம் என்று அருண் எழுந்தபோது அவன் செல்போன் ஒலித்தது. வீரசோழனில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சையது இபுராகிம். இவர்கள் கடையில்தான் மொத்தமாகப் பைப் எடுப்பவர்.

"தம்பி, அப்பா இங்க நம்ம கடைப் படியில உக்காந்திருக்காக. நல்லா இருக்காக. பதறாதீக," என்றார்.

அருண் போனைப் பிரவீணாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

பாய் சொன்ன விவரம் இவ்வளவுதான். ஜும்மா தொழுகைக்காகக் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். தொழுது, சாப்பிட்டு, சற்று ஓய்வெடுத்துவிட்டு வந்து பார்த்தால், பூட்டிய கடைப் படியில் அண்ணாச்சி உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். ஊருக்குத் திரும்புகிற பஸ் எதிரிலேயே வந்து நின்று, ஹார்ன் அடித்து, புறப்பட்டுப் போகிறது. அவர் தலையைத் தூக்கவில்லை. என்ன அண்ணாச்சி இங்கே என்று கேட்டால், திருச்சுழியில் இறங்க வேண்டியது, விட்டுவிட்டேன் என்கிறார்.

முத்துமாரியம்மாள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். மாத்திரை டப்பாவை மருமகள் கையில் திணித்தார்.

"இத மொதல்ல குடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அருண் காரை எடுத்தான். சாலையின் இரண்டு பக்கமும் கருவேலங்காடு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. தூரத்தில் விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்துப் புகை நேராக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. திருச்சுழி தாண்டிய பிறகு அருண், போனதும் அப்பாவைச் சத்தம் போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றான். பிரவீணா அவன் தோளில் கை வைத்தாள்.

வீரசோழனில் கடைகள் திறந்து தெரு கலகலப்பாக இருந்தது. சையது இபுராகிம் கடை வாசலில் இப்போது ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. பாய் வீட்டில் இருந்து வந்த சோற்றையும் ரசத்தையும் ராஜகுரு சாப்பிட்டு முடித்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்க, புத்தகத்துக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அருண் போய் எதிரே நின்றான். அவர் இடது கையை மட்டும் லேசாக உயர்த்தினார்.

"இந்தா, ஒரு அரைப்பக்கம்."

பிரவீணா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சத்தம் போட வந்தவன், அப்பாவின் காலடியில், கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவர் அரைப்பக்கத்தை முடிக்கும் வரை காத்திருந்தான். பக்கத்து ரொட்டிக் கடையில் யாரோ சிரித்தார்கள். ஒரு பஸ் வந்து நின்று போனது.

ராஜகுரு விரலைப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினார். அப்போதுதான் மகனின் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"என்னலே, அழுதியா?"

அருண் இல்லை என்று தலையாட்டினான். பிரவீணா மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். மணி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது அவருக்குப் புரிந்தது. மறுபேச்சில்லாமல் மாத்திரையை விழுங்கினார். உடனே வீட்டுக்கு போன் போடச் சொன்னார். மனைவி எடுத்ததும், சாப்பிட்டேன், மாத்திரை போட்டாச்சு, வாரேன் என்று வரிசையாக ஒப்பித்தார். மறுமுனையில் முத்துமாரியம்மாள் என்ன சொன்னார் என்று தெரியாது. ராஜகுரு தலையைக் குனிந்து, சரி, சரி என்று கேட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் திருச்சுழியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கேதான் ராஜகுரு நடந்ததைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து போய் நின்றால், நூலகம் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்குத் திரும்ப மனசில்லை. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு, மகன் கேட்ட கேள்வியே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பையில் அதே செவ்வாய்க்கிழமைப் புத்தகம் இருந்தது. அதில் அப்படி என்னதான் இருந்தது என்று பார்த்துவிடுவோமே என்று முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தார். எந்தப் பத்தியையும் விடாமல் வாசித்தார். கோயிலில் போய் உட்காரலாம் என்று திருச்சுழிக்கு டிக்கெட் எடுத்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

கதை இதுதான். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் ஒரு பெண் புழக்கடை வழியாக வெளியேறிப் போகிறாள். வெகுகாலம் கழித்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேறு பெயரில் டீச்சராக வருகிறாள். தன் பெற்றோர் வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே வாடகைக்கு இருக்கிறாள். வீட்டு மனிதர்களுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் அவளைப் பெற்றவள், உறைமோர் கேட்டு அவள் வாசலில் வந்து நிற்கிறாள்.

"அந்த எடத்துலதான் பஸ்ஸு திருச்சுழிய தாண்டிருக்கும்," என்றார் ராஜகுரு. பிறகு வெட்கத்தோடு சிரித்தார். "செவ்வாய்க்கிழமை முடிச்சப்ப, அந்த டீச்சரம்மாதான் ஓடிப்போன புள்ளைன்னு எனக்குத் தெரியவே தெரியாதுப்பா. அந்தப் பத்திய விட்டுட்டேன் போல."

அருணுக்குக் குடித்த டீ புரையேறியது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் அருண், அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கேட்டது சரிதான். ஆளு முன்னாடி கேட்டதுதான் தப்பு," என்றார் ராஜகுரு. "நானும் ஆளு முன்னாடி வெல கொறச்சிருக்கக் கூடாது. ரெண்டும் சரியாப் போச்சு."

இலக்கு என்று ஆரம்பித்து வைத்ததே தான்தான் என்று பிரவீணா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இலக்கு இருந்ததால்தான் தினமும் புத்தகத்தை எடுத்தேன் என்றார். கடையில் உட்கார்ந்தே பழகிவிட்டவனுக்கு எண்ணிக்கை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது, அதற்கு நீ என்ன செய்வாய் என்றும் சொன்னார்.

"இலக்க மாத்திக்கிறேன் தாயி, அம்புட்டுதான். மொத மாசம் ஒரு தடிப் புத்தகத்த எடுத்துட்டு, குண்டா இருக்குன்னு திரும்ப வச்சுட்டு வந்தேன். அது இன்னும் மனசுலயே கெடக்கு. நாளைக்கு அத எடுக்கப்போறேன். தீவாளி வரைக்கும் இழுத்தாலும் சரி."

பிடிக்காத புத்தகத்தைக் கால்வாசியில் மூடிவிடலாமா, அது குற்றமாகிவிடாதா என்று அவர் மருமகளிடம் கேட்டார். கேள்வியில் விளையாட்டு இல்லை. தாராளமாக மூடலாம் மாமா என்றாள் அவள். அதைக் கேட்டு அவருக்குத் தோளில் இருந்து மூட்டையை இறக்கியது போல இருந்திருக்க வேண்டும், இன்னொரு டீ கேட்டார். சர்க்கரை இல்லாமல் என்று அருண் மாஸ்டரிடம் சேர்த்துச் சொன்னான்.

பிறகு ராஜகுரு சட்டென்று கேட்டார்: "ஆமா, நீ என்ன படிக்கிற?"

கல்லூரியில் படித்த காலத்தில் விடுதி வார்டன் விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்தும் வரை வாசித்தவள் பிரவீணா. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு புத்தகமும் முழுதாக முடித்ததில்லை. மாமனாருக்கு யோசனை சொன்னபோது, தன்னிடம் ஒருவரும் இதைக் கேட்பார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை. நேரம் எங்கே இருக்கிறது மாமா என்று சொல்ல வந்தவள், அது முழு உண்மையா என்று யோசித்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் கையில் செல்போன்தான் இருக்கிறது.

அந்த நேரத்துக்கு பில் மேஜையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அருணே முன்வந்து சொன்னான். எத்தனை புத்தகம் என்று அவளிடம் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஒன்றை எடுத்து, அதோடு கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன் என்று அவளே சொன்னாள். சொன்னதும் ஏதோ ஊருக்குப் போகப் பெட்டி கட்டுவது போல அவளுக்கு உள்ளுக்குள் ஓர் உற்சாகம் வந்தது.

அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. முத்துமாரியம்மாள் வாசலிலேயே நின்றார். கணவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் கையை முழங்கைக்கு மேலே ஒரு முறை இறுக்கிப் பிடித்தார். காபி வந்தது. பூண்டும் சின்ன வெங்காயமும் முறத்தில் வந்தன. மாமியாரும் மருமகளும் உரிக்க உட்கார்ந்தார்கள்.

"அப்பிடி ஊர மறக்கடிக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு?" என்று கேட்டார் முத்துமாரியம்மாள்.

ராஜகுரு உற்சாகமாகக் கதை சொல்ல ஆரம்பித்தார். முத்துமாரியம்மாள் கையை நீட்டித் தடுத்தார். சொல்ல வேண்டாம், முதலில் இருந்து வாசியுங்கள் என்றார். தனக்குக் கண் புரை வந்ததில் இருந்து பேப்பர்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்பதையும், இவ்வளவு புத்தகம் வீட்டுக்குள் வந்தும் தன் காதில் ஒரு வரி விழவில்லை என்பதையும் அவர் அப்போதுதான் சொன்னார். ராஜகுருவுக்கு அது எங்கோ தைத்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கடையில் ஆள் கூப்பிடுகிற அதே கனத்த குரலில் வாசித்தார். முதலில் தடுமாறினார். போகப் போகக் குரல் இறங்கிச் சீரானது. அருண் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கதையில் பொழுது விடிந்தது. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அந்தப் பெண் தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். அடுப்படியில் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். புழக்கடைக் கதவைச் சத்தம் வராமல் தூக்கித் திறந்தாள்.

முறத்தில் பூண்டு உரிக்கும் சத்தம் நின்றது. பிரவீணா நிமிர்ந்து பார்த்தாள்.

முத்துமாரியம்மாளின் கை அப்படியே நின்றிருந்தது. கண் கலங்கவில்லை. வெகுநேரம் தூக்கி வந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவரைப் போல அவர் முகம் தளர்ந்திருந்தது. என்ன ஆச்சு என்று ராஜகுரு வாசிப்பை நிறுத்தினார்.

"எங்க அக்கா காய்ச்சல்ல போயிட்டான்னு நம்ம கல்யாணப் பேச்சப்ப உங்ககிட்ட சொன்னாகள்ல," என்றார் அவர்.

"ஆமா."

"அவ சாகல."